கரண்டெல்லாம் ஒன்றல்ல
நேரோட்ட மின்சாரத்துக்கு ஒரு பொது ஒழுங்கு

சென்ற இதழில் தற்காலிகக் குடில்களைச் சுற்றி வடிகால் வெட்டும் முறையைப் பார்த்தோம். அதை வாசித்த சிலர், "அடுத்த தடவ வெளிச்சத்தப் பத்தி எழுதுங்க பாதர்" என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளைப் பெயர்த்துப் போட்டது. லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குச் சோறும் கூரையும் ஒருவாறு கிடைத்தபின், இருட்டுத்தான் பெரிய கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் படிக்க வேண்டும். பெண்கள் இரவில் மலசலகூடம் போக வேண்டும். மறுபடியும் மண் இறங்குகிறதா என்று பார்க்கவாவது வெளிச்சம் வேண்டும்.

உதவி செய்தவர்கள் விளக்குகள் தந்தார்கள், நல்ல மனதோடு தந்தார்கள். ஆனால் நாம் அறிந்த ஒரு மண்டபத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கே மூன்று இடத்திலிருந்து மூன்று வகை விளக்கு வந்து சேர்ந்தது. ஒன்று கைத்தொலைபேசிச் சார்ஜரில் ஏறும் 5 வோல்ட் விளக்கு. இரண்டாவது 6 வோல்ட் பெட்டரி வைத்த லாந்தர். மூன்றாவது 12 வோல்ட் பெட்டரி, சூரிய பெனல், மூன்று பல்பு கொண்ட தொகுதி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே மாதிரி உருண்டைப் பிளக். ஒரு மாலை லாந்தரின் சார்ஜர் காணாமற் போக, ஒரு பையன் 12 வோல்ட் வயரை அதில் செருகினான். பிளக் பொருந்தியது. லாந்தர் ஒரு நிமிடம் என்றுமில்லாத பிரகாசத்தோடு எரிந்தது. அவ்வளவுதான்.

அதைவிடப் பெரியது இன்னொரு இரவு நடந்தது. தறப்பாள் குடில் ஒன்றில், பெட்டரியிலிருந்து போன மெல்லிய வயர் கம்புக்கும் தறப்பாளுக்கும் இடையில் உராய்ந்து உராய்ந்து உறை கிழிந்திருந்தது. நடுச்சாமத்தில் இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டன. பியூஸ் கிடையாது. வயர் முழுவதும் பழுக்கக் காய்ந்து, கீழே கிடந்த கம்பளி கருகியது. மணத்தில் விழித்த பாட்டி ஒருவர் கம்பளியை இழுத்து வெளியே எறிந்தார். ஒருவருக்கும் காயமில்லை. பக்கத்தில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் எல்லோரையும் கூட்டிப் பேசினோம். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "பாதர், கரண்டுன்னா எல்லாம் ஒன்னுதானே? இதுல என்ன சாதி வித்தியாசம்?" எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இரண்டு வகை ஓட்டம்

மின்சார சபைக் கம்பியில் வருவது ஆடலோட்டம். அது ஒரு திசையில் ஓடி, நின்று, எதிர்த்திசையில் ஓடும். நமது நாட்டில் ஒரு செக்கனுக்கு நூறு தடவை திசை மாறும். அதன் அழுத்தம் 230 வோல்ட். பெட்டரியிலும் சூரிய பெனலிலும் இருந்து வருவது நேரோட்டம். அது வாய்க்கால் தண்ணீர் போல ஒரே பக்கமாக ஓடும். கூட்டல், கழித்தல் என்று அதற்கு இரண்டு முனை உண்டு. மாற்றிப் பொருத்தினால் சில கருவிகள் வேலை செய்யாது, சில கெட்டுப்போகும்.

உலகின் முதல் மின்விநியோகங்களுள் ஒன்று நேரோட்டத்தில்தான் நடந்தது. 1882 செப்டெம்பர் 4 ஆம் திகதி நியூயோர்க் நகரின் பேர்ல் வீதியில் தோமஸ் எடிசன் 110 வோல்ட் நேரோட்டத்தை வீடுகளுக்கும் கந்தோர்களுக்கும் அனுப்பத் தொடங்கினார். அது ஒரு மைல் தூரத்துக்கு மேல் போகச் சிரமப்பட்டது. ஆடலோட்டத்தையோ டிரான்ஸ்போமர் கொண்டு இலேசாக அழுத்தம் கூட்டி நெடுந்தூரம் அனுப்பி, ஊரில் மறுபடி குறைக்கலாம். ஆகவே அது வென்றது. தோற்ற நேரோட்டமும் உடனே மறைந்துவிடவில்லை. அதே நியூயோர்க்கில் கடைசி நேரோட்ட இணைப்பு துண்டிக்கப்பட்டது 2007 நவம்பரில்தான்.

அந்தப் போட்டி முடிந்துவிட்டது என்று உலகம் நினைத்திருந்த வேளையில், வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள் மெல்ல மாறிவிட்டன. எல்.ஈ.டி. பல்பு உள்ளே நேரோட்டத்தில் எரிகிறது. கைத்தொலைபேசி, ரேடியோ, டெலிவிஷன், கணினி எல்லாம் உள்ளே நேரோட்டம். சூரிய பெனல் தருவதும் பெட்டரி சேமிப்பதும் நேரோட்டம். இந்த நிலையில் பெட்டரியிலிருந்து இன்வேர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆடலோட்டமாக்கி, அதைத் தொலைபேசிச் சார்ஜர் மறுபடி 5 வோல்ட் நேரோட்டமாக்குவது, இராகலைக்குப் போகவேண்டியவர் கண்டிக்குப் போய்த் திரும்புவது போன்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகிக் கழிகிறது. மலிவான இன்வேர்ட்டர், ஒன்றும் எரியாத வேளையிலும் தானே சில வாட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். மூன்று பல்புக் குடும்பத்துக்கு அது பெரிய நட்டம்.

எனவே சிறு அளவில், பெட்டரியை நம்பி வாழும் இடத்தில், நேரோட்டத்தை நேரோட்டமாகவே பயன்படுத்துவது புத்தி. சிக்கல் வேறொன்று. 230 வோல்ட்டுக்கு நாடு முழுதும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நேரோட்டத்துக்கு நமது கைகளில் அப்படி ஒன்றும் இல்லை.

நானுஓயாவில் இறக்கி ஏற்றிய கதை

பொது ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமது ஊரே ஒருகாலத்தில் கண்டிருக்கிறது. பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள், இங்கே சின்ன ரயில் ஓடியது. நானுஓயாவில் தொடங்கி நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904 இல் இராகலை வரை வந்த அந்தப் பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 2 அடி 6 அங்குலம். கொழும்பிலிருந்து நானுஓயா வரும் பெரிய பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். மலை வளைவுக்குச் சிறிய பாதை மலிவு, வசதி என்பது உண்மை. ஆனால் ஒரு பாதையின் பெட்டி மற்றப் பாதையில் ஓடாது. நமது தேயிலைப் பெட்டியையும் கீழிருந்து வந்த அரிசி மூட்டையையும் நானுஓயாவில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். யார் முதுகில்? அதை நாம் சொல்லத் தேவையில்லை. பின்னர் லொறி வந்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து நேரே கொழும்புக்குப் போகும் லொறியோடு சின்ன ரயிலால் போட்டி போட முடியவில்லை. 1940களில் அது நின்றுபோனது.

பிளக் விடயமும் இதே கதைதான். 5 அம்பியர் உருண்டைக்கால், 15 அம்பியர் பெரிய உருண்டைக்கால், 13 அம்பியர் சதுரக்கால் என்று மூன்றும் ஒரே வீட்டில் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சதுரத் துளையில் பேனை மூடியைக் குத்தி உருண்டைக்காலைச் செருகியவர்களும் நம்மில் உண்டு! கடைசியில் 2016 இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, 13 அம்பியர் சதுரக்காலே நாட்டின் ஒரே தரம் என்று அறிவித்து, மற்றவற்றைக் கைவிட அவகாசம் கொடுத்தது. 230 வோல்ட் மின்சாரம் நாட்டுக்கு வந்து எத்தனையோ தசாப்தங்களுக்குப் பின்னர் செய்த காரியம் இது. பெருந்தொகையான வீடுகளில் பழைய பிளக் பதித்தாகிவிட்டபின் மாற்றுவது எவ்வளவு செலவு என்று யோசித்துப் பாருங்கள். ஒழுங்கைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

தொலைபேசிச் சார்ஜருக்கும் இது நடந்தது. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு வாய். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2024 டிசெம்பர் 28 முதல் புதிய கைத்தொலைபேசிகளுக்கு ஒரே வாய் என்று கட்டாயமாக்கியது.

சென்னையில் எடுத்த முடிவு

நேரோட்டத்துக்கு அப்படியொரு பொதுத் தரத்தைத் தேடிய முயற்சி, கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் நடந்தது. தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டளவில் கடுமையான மின்வெட்டு இருந்தது. நாம் 2022 மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, ஏறக்குறைய அந்த நிலை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். மின்சாரம் போதாதபோது ஊரையே அணைக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கும் மின்விசிறியும் ஓடுமளவுக்குக் கொஞ்சத்தை மட்டும் தனி நேரோட்டக் கம்பியில் விடாமல் கொடுத்தால் என்ன? கூரையில் சூரிய பெனல் இருந்தால் அதையும் அதே கம்பியில் சேர்க்கலாமே?

அவர்கள் தெரிந்தெடுத்த அழுத்தம் 48 வோல்ட். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஜோத்பூர்ப் பக்கத்தில், மின்கம்பி எட்டாத சிற்றூர்களின் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படிப்பட்ட தொகுதிகள் பொருத்தப்பட்டன. அங்கே அவர்களுக்கு முக்கியம் மின்விசிறி. சாதாரண விசிறி 70 வாட்டுக்கு மேல் இழுக்கும். நேரோட்ட விசிறிக்கு 30 வாட் போதும். உடப்புசல்லாவைக் குளிரில் விசிறி யாருக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆனால் விளக்குக்கும் தொலைபேசிக்கும் கணக்கு ஒன்றே.

இத்தனை செய்தபின் ஒரு தடை எழுந்தது. 48 வோல்ட் பல்பையோ சுவிச்சையோ ஒரு கம்பனி செய்தால், அது மற்றக் கம்பனியின் தொகுதியில் வேலை செய்யுமா? செய்யாவிட்டால் யார் வாங்குவார்? வாங்குவார் இல்லாவிட்டால் யார் மலிவாகச் செய்வார்? இந்த முடிச்சை அவிழ்க்க ஆராய்ச்சிசாலை மட்டும் போதாது. பொறியியலாளர், உற்பத்தியாளர், அரசாங்கத்தார் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இணங்க வேண்டும். அப்படி இணங்கியதன் பயனாக 2017 இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வீடுகளுக்கான 48 வோல்ட் நேரோட்ட விநியோகத்துக்கு வழிகாட்டித் தரம் ஒன்றை வெளியிட்டது. அதன் இலக்கம் ஐ.எஸ். 16711. ஜெனீவாவிலுள்ள சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவிலும் (1906 இல் தொடங்கியது அது) தாழ் அழுத்த நேரோட்டத்துக்கென ஒரு குழு அமைந்தது. மின்சாரமே கிடைக்காத மக்களுக்கு மின்சாரம் சேர்ப்பதும் அதன் பெயரிலேயே ஒரு நோக்கமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தபோது நமக்குச் சற்று ஆறுதல். ஆனால் அந்த மேசையில் தறப்பாளுக்குக் கீழே வாழ்கிற ஒருவரும் உட்காரவில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஏன் 48?

இதைக் கணக்காகவே பார்ப்போம். பெரிய பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ஒரு பொதுக் கொட்டிலில் பெனலும் பெட்டரியும் இருக்கின்றன. அங்கிருந்து 40 மீற்றர் தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டுக்கு 48 வாட் தேவை. வயர் போகவும் வரவும் 80 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி என்றால் அதன் தடை ஏறத்தாழ 0.56 ஓம்.

12 வோல்ட்டில் அனுப்பினால் 48 வாட்டுக்கு 4 அம்பியர் ஓட வேண்டும். நாலை 0.56 ஆல் பெருக்க 2.24 வோல்ட். அவ்வளவும் வழியிலேயே விழுந்துவிடும். பெட்டரியில் 12 இருந்தாலும் வீட்டில் 10க்குக் குறைவு. பல்பு மங்கும், சில கருவி எழும்பவே மாட்டாது. 9 வாட் வயரைச் சூடாக்கி வீணாகும்.

அதையே 48 வோல்ட்டில் அனுப்பினால் 1 அம்பியர் போதும். விழுவது 0.56 வோல்ட். வீணாவது அரை வாட்டுக்குச் சற்று மேல். அதே கம்பி, அதே தூரம், நட்டம் பதினாறில் ஒரு பங்கு. அழுத்தம் நாலு மடங்கானால் நட்டம் நாலின் நாலு மடங்கு குறையும். 12 வோல்ட்டில் இதே நன்மை வேண்டுமானால் பதினாறு மடங்கு தடித்த செம்பு வாங்க வேண்டும். செம்பு விற்கும் விலையில் அது நடக்கிற காரியமா?

அப்படியானால் 100 அல்லது 200 வோல்ட் இன்னும் நல்லதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நட்டத்துக்கு நல்லது, உடம்புக்கு நல்லதல்ல. சர்வதேச விதிகளில் 120 வோல்ட்டுக்கு உட்பட்ட நேரோட்டம் மிகத்தாழ் அழுத்தமாகக் கொள்ளப்படுகிறது. 48 வோல்ட் அதற்கு நன்கு கீழே நிற்கிறது. நான்கு 12 வோல்ட் பெட்டரியைத் தொடராகக் கட்டினால் 48 வந்துவிடும், சார்ஜ் ஏறும்போதும் 60ஐத் தாண்டாது. தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாக 48 வோல்ட் பெட்டரியில் ஓடியதால் அனுபவமும் இருந்தது. இதற்காக ஈரக்கையோடு தொடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. ஆடலோட்டம் திசை மாறும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பூச்சியமாகிறது. சுவிச்சை அணைக்கும்போது எழும் பொறி அந்தக் கணத்தில் அவிந்துவிடும். நேரோட்டத்துக்கு அந்த ஓய்வு இல்லை. பொறி இழுபட்டு எரிந்து சுவிச்சின் வாயைத் தின்னும். 12 வோல்ட்டில் சிறு பல்புக்கு இது பெரிய ஆபத்தல்ல. 48 வோல்ட்டில் அதிக அம்பியர் ஓடினால் ஆபத்து. ஆகவே பொதுக் கம்பி இழுக்கும் இடத்தில் நேரோட்டத்துக்கு என்று எழுதப்பட்ட சுவிச்சும் பியூஸும்தான் போட வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒன்னுதான், கொண்டு போங்க" என்றால் நம்ப வேண்டாம்.

நமது நாடு கண்ட அனுபவம்

தொண்ணூறுகளில் கார் பெட்டரியைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வந்து, சனிக்கிழமைப் படம் பார்த்த காம்பராக்களை நாம் நன்கு அறிவோம். அதுவும் 12 வோல்ட் நேரோட்ட விநியோகம்தான். கம்பிக்குப் பதில் மனிதத் தோள்!

1997 முதல் உலக வங்கியின் துணையோடு நடந்த திட்டங்களின் கீழ், இலங்கையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புற வீடுகளுக்குச் சூரிய மின்தொகுதி போய்ச் சேர்ந்தது. கடன் கிடைக்க வேண்டுமானால் தொகுதி குறிப்பிட்ட தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு இணங்கியிருக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. அது நல்ல ஏற்பாடு. ஏழை வாங்குபவரால் பெனலைச் சோதிக்க முடியாது. அவருக்காகக் கடன் கொடுப்பவர் சோதிக்கிறார். ஆனால் மின்சார சபைக் கம்பி அந்தக் கிராமங்களுக்கும் வந்தபோது பல தொகுதிகள் மூலையில் போடப்பட்டன. கடன் மட்டும் மிஞ்சியது. 12 வோல்ட் வீட்டையும் 230 வோல்ட் கம்பியையும் எப்படிச் சேர்ப்பது என்று முன்கூட்டி யாரும் ஒழுங்கு செய்திருக்கவில்லை என்பதே நமது எண்ணம். குடியேற்றத்துக்குக் காத்திருக்கும் உங்களுக்கும் இது நாளை வரப்போகிற பிரச்சினை. கம்பி ஒருநாள் வரும். அதற்குள் வாங்கியவை அன்றைக்கும் பயன்பட வேண்டும்.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கடையில் 12 வோல்ட் நேரோட்ட பல்பு, சாதாரண 230 வோல்ட் பல்பு போலவே இரண்டு பின் வைத்து வருகிறது. ஹோல்டரும் ஒன்றே. மின்சாரம் கிடைத்த முதல் நாளே ஒரு வீட்டில் பழைய 12 வோல்ட் பல்பைப் புதிய ஹோல்டரில் போட்டார்கள். வெடித்துச் சிதறியது. இன்னொரு வீட்டில் 12 வோல்ட்டுக்கு 13 அம்பியர் சதுரப் பிளக்கைப் பயன்படுத்தியிருந்தார்கள், கைக்கு அகப்பட்டது அது என்பதால். அந்த வீட்டுப் பிள்ளை ஒருநாள் அத்தை வீட்டுச் சுவரில் அதைச் செருகினால் என்ன ஆகும்?

நாம் செய்துகொள்ளும் ஒழுங்கு

கொழும்பும் ஜெனீவாவும் செய்வதைச் செய்யட்டும். இருபது முப்பது குடும்பங்கள் ஒரே இடத்தில் இருக்கும்போது, நமது சங்கக் கூட்டத்தில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் அதுவும் ஒரு தரம்தான். நாம் மேலே சொன்ன மண்டபத்துக் குடும்பங்கள் மூன்று கூட்டத்தில் எழுதிக்கொண்டதை இங்கே தருகிறோம். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது பேச்சு அழுத்தத்தைப் பற்றியது. அதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. இளைஞர்கள் 48 வேண்டும் என்றார்கள். பெண்கள் சங்கத் தலைவி, "இராகலைக் கடையில 48 பல்பு எங்க இருக்கு தம்பி?" என்று ஒரே கேள்வியில் அடக்கினார். முடிவில், தனிக் குடிலுக்குள் 12 வோல்ட், ஒரு கொட்டிலிலிருந்து பல வீட்டுக்குக் கம்பி இழுத்தால் அந்தக் கம்பி மட்டும் 48 வோல்ட், வீட்டு வாசலில் 12 ஆகக் குறைக்கும் பெட்டி என்று இணங்கினார்கள். தொலைபேசிக்கு 5 வோல்ட் யூ.எஸ்.பி. வாய். 6 வோல்ட், 24 வோல்ட் சாமான் எதையும் வாங்குவதில்லை, யாரும் தந்தாலும் தனியே வைத்து அடையாளம் இடுவது. நமது கருத்தில் இது சென்னைப் பேராசிரியர்களும் குறை சொல்ல முடியாத முடிவு.

பிளக் பற்றிய விதி கண்டிப்பானது. நேரோட்டத்துக்குச் சதுரக்கால் பிளக்கும் இல்லை, உருண்டைக்காலும் இல்லை, இரண்டு பின் ஹோல்டரும் இல்லை. எல்லாக் குடிலுக்கும் ஒரே கடையில் ஒரே வகை நேரோட்டப் பிளக், மாற்றிச் செருக முடியாத வடிவத்தில். 48 வோல்ட் பிளக் 12 வோல்ட் வாயில் நுழையக்கூடாது. கூட்டல் கம்பி சிவப்பு, கழித்தல் கறுப்பு. சிவப்பு வயர் கிடைக்காவிட்டால் நகப்பூச்சு தடவி அடையாளம் இட வேண்டும்.

பியூஸ் பெட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பல்புப் பக்கத்தில் பியூஸ் வைப்பதால் பயனில்லை. நடுவழியில் வயர் கிழிந்தால் அது காப்பாற்றாது. 12 வோல்ட் ஷொக் அடிக்காது என்ற துணிவுதான் நமது பாட்டியின் கம்பளியைக் கருக்கியது. ஷொக் அடிக்காத சிறிய பெட்டரியும் இரு முனையும் தொட்டுக்கொண்டால் நூறு அம்பியருக்கு மேல் ஓட்டிவிடும், மெல்லிய வயர் அடுப்புக் கம்பியாகும். தறப்பாளைத் தொடும் இடமெல்லாம் வயரைப் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் விட வேண்டும்.

பெட்டரி எவ்வளவு பெரிது வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு எழுதிக்கொண்டார்கள். 5 வாட் பல்பு மூன்று, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 75. இரண்டு தொலைபேசி 30. ரேடியோ 20. மொத்தம் நாளொன்றுக்கு 125 வாட் மணித்தியாலம். 12 ஆல் பிரித்தால் 10 அம்பியர் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். மார்கழி மூட்டத்தில் இரண்டு நாள் வெயிலே இல்லாமற் போகும் என்பதால் இருமடங்கு, 21. ஈயப் பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே 42 அம்பியர் மணித்தியாலத்துக்குக் குறையாத பெட்டரி வேண்டும். லிதியம் என்றால் 26 போதும், விலை கூட. கேத்தல், மின்னடுப்பு, இஸ்திரிக்கை என்று கேட்க வேண்டாம். 1000 வாட் கேத்தலுக்கு 12 வோல்ட்டில் 83 அம்பியர் ஓட வேண்டும். தேநீருக்கு விறகடுப்பே கதி.

"12 வோல்ட்" என்று எழுதியிருப்பதெல்லாம் 12 அல்ல என்பதையும் படித்துக்கொண்டார்கள். பெட்டரி இறங்கும்போது 11க்கு வரும், ஏறும்போது 14க்கு மேல் போகும். அதே பெயரில் விற்கும் பெனலோ, ஒன்றும் பொருத்தாமல் வெயிலில் வைத்தால் 21 வோல்ட் காட்டும். ஆகவே பெனலிலிருந்து நேரே பல்புக்கு இழுக்கக்கூடாது, நடுவில் சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம். வாங்கும் பல்பு 11 முதல் 15 வரை தாங்குமா என்று கேட்க வேண்டும்.

கடைசி விதி உதவி செய்ய வருபவர்களுக்கானது. இதை எழுதச் சிலர் தயங்கினார்கள். "சும்மா தர்றவங்ககிட்ட நாம சட்டம் பேசலாமா பாதர்?" பேசலாம், பேச வேண்டும். எங்களிடம் 12 வோல்ட் ஒழுங்கு இருக்கிறது, இந்தப் பிளக், இந்தப் பியூஸ் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தால், மனமுள்ளவர் அதன்படி வாங்கி வருவார். சிறு சூரிய விளக்குத் தொகுதி தருபவரிடம், அது ஐ.ஈ.சி. 62257 என்ற தரத்துக்கு இணங்கச் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். 350 வாட்டுக்கு உட்பட்ட தொகுதிகளுக்கான தர நிபந்தனைகள் 2020 இல் அதே இலக்க வரிசையில் வெளிவந்தன. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு நேரம் விளக்கு உண்மையாகவே எரிய வேண்டும் என்பதும் அதில் அடக்கம். மண்டபத்துக் குடும்பங்கள் இந்தத் தாளை எழுதிய பின்னர் வந்த ஒரு குழுவினர், பெட்டியைத் திறக்குமுன் தாளை வாங்கி வாசித்தார்கள். கொண்டு வந்ததில் பாதியைத் திருப்பி எடுத்துச் சென்று, இரண்டு கிழமையில் மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

பெரியவர் இப்போது அந்த மண்டபத்தில் மின்சாரப் பொறுப்பாளர். ஒவ்வொரு வயரின் நுனியிலும் சின்ன அட்டை கட்டி, 5, 12, 48 என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். "இதுக்கெல்லாம் பேர் வச்சாச்சு பாதர், இனிச் சண்ட வராது" என்றார்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள விளக்கு, சார்ஜர், வயர், பிளக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், கெட்டுப்போனவற்றையும் சேர்த்து. நாம் மீற்றர் ஒன்று கொண்டு வருவோம். எதில் எத்தனை வோல்ட் என்று அளந்து, வயரின் தடிப்பைப் பார்த்து, பியூஸ் இல்லாத பெட்டரிகளை முதலில் ஒதுக்கி வைப்போம். எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவரும், ஒரு கொப்பியும் தேவை.